கையால் எண்ணியது

எங்கள் கம்பெனியின் வாட்ச் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். "நாற்பதாயிரம் மணி நேரம் மனிதர்கள் அணிந்து சோதித்தது." அதில் கால்வாசிக்கு மேல் ஒரே ஒருவருடைய கையில் ஓடிய நேரம். அவர் பெயர் பெங் யூலான். நாங்கள் லான் அக்கா என்போம். அவரைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. தவிர, அந்த மணி நேரங்களில் சிலவற்றை நான் பொய்யாக நிரப்பியிருக்கிறேன்.

ஷென்ஜென் நகரத்தின் பாவோஆன் பகுதியில், நெடுஞ்சாலைப் பாலத்தை ஒட்டி எங்கள் கட்டடம். ஐந்தாவது மாடியில் வாட்சுகளைப் பாகம் பாகமாகப் பொருத்துகிறார்கள். ஆறாவது மாடியின் மூலையில் சோதனை அறை. கல்லூரி நுழைவுத் தேர்வில் முப்பத்தொரு மதிப்பெண் குறைந்துபோய், இன்னொரு வருஷம் அதே புத்தகங்களோடு உட்கார மனமில்லாமல், குவாங்ஷியிலிருந்து பஸ் ஏறி வந்தவள் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சோதனை அறையில் குறிப்பு எழுதப் போட்டார்கள். அங்கே எனக்குச் சின்ன நிங் என்று பெயர்.

முதல் நாள் உள்ளே போனதும் கண்ணில் பட்டது மேசைமேல் ஒரு தட்டு. அதில் வேகவைத்த வெள்ளை பன் ஒன்று. பன்னின் இடுப்பில் ஒரு வாட்ச் கட்டியிருந்தது. திரையில் குட்டி இதயம் மினுக்கி மினுக்கி, 74 என்று காட்டியது.

"என்ன முழிக்கிற? இவருதான் எங்க சூப்பர்வைசர். கிட்டப் போய் வணக்கம் சொல்லு," என்றார் இரண்டு கையிலும் வாட்ச் கட்டியிருந்த ஓர் ஒல்லியான பெண்.

பதற்றத்தில் நான் உண்மையாகவே தலையைக் குனிந்துவிட்டேன். அறையே சிரித்தது.

"எழுபத்தி நாலு, பாத்தியா? கொதிப்பு கிடையாது, கவலை கிடையாது. மத்தியானம் இவரைச் சாப்பிட்டா நமக்கும் அந்த ஆரோக்கியம் வந்துரும்," என்றார் அந்தப் பெண். அவர்தான் லான் அக்கா.

இன்ஜினியர் மெங் எனக்கு விளக்கினார். முப்பது வயது இருக்கும்; எப்போதும் தூக்கம் போதாத கண்கள். வாட்ச் தோலுக்குள் பச்சை வெளிச்சத்தை அடிக்கிறது. திரும்பி வரும் வெளிச்சத்தில் துடிப்பைத் தேடுகிறது. துடிப்பு அகப்படாவிட்டால்? "திரை காலியா இருந்தா வாட்ச் கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால அது எதையாவது காட்டும். பன்னுக்குக்கூடக் காட்டும். இது சொல்றதை நம்பாதே. சந்தேகப்படுறதுக்குத்தான் இந்த ரூம்ல சம்பளம்."

புதிதாக வருகிற எல்லோருக்கும் அந்த பன்னைக் காட்டுவார்கள். அதுதான் எங்கள் அறையின் முதல் பாடம். நாங்கள் அனைவரும் அதை நன்றாகவே படித்துவிட்டோம்.

வேலை இப்படி நடக்கும். காலை எட்டு மணிக்கு லான் அக்கா ஒரு மார்புப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துச் சட்டைக்குள் கட்டிக்கொள்வார். இதயத்தின் மின்துடிப்பை அது நேரடியாகப் பிடிக்கும். எங்களுக்கு அதுதான் அளவுகோல். கைக்கு ஒன்றாக இரண்டு வாட்ச். பத்து நிமிஷம் உட்காருவார், பத்து நிமிஷம் நடப்பார், படி ஏறி இறங்குவார், பாத்திரம் கழுவுவார், வெறும் தட்டில் குச்சிகளால் சாப்பிடுவதுபோல் பாவனை செய்வார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நான் வாட்ச் எண்ணையும் பட்டை எண்ணையும் அடுத்தடுத்த கட்டத்தில் எழுதவேண்டும். மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது. தலைப்பு: "கையால் எண்ணியது." முதல் இரண்டு எண்களுக்கும் நடுவே பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், அணிந்தவரின் மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிஷம் எண்ணி எழுத வேண்டும் என்பது விதி.

யாரும் எண்ணியதில்லை. ஒரு நாளைக்கு நாற்பது வாட்ச் முடிக்க வேண்டும். ஒரு நிமிஷம் எங்கே கிடைக்கும்? எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த பெண் போகும்போது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்: "ரெண்டுக்கும் நடுவுல ஒரு நம்பரைப் போட்டுட்டுப் போயிட்டே இருடி."

லான் அக்காவின் கையில் அந்தக் கட்டத்துக்கு வேலையே வராது. அவருடைய மணிக்கட்டு மெலிசு, தோல் வெளுப்பு, எப்போதும் கதகதப்பு. வாட்ச் எது கட்டினாலும் பட்டையோடு ஒன்றிரண்டு எண்ணில் ஒத்துப்போகும். வாசல் காவலர் தோங்கின் கையில் முழங்கை வரை டிராகன் பச்சை குத்தியிருக்கிறது. மைக்குள் வெளிச்சம் போகாமல் அவருக்கு வாட்ச் நாற்பது என்றும் இருநூறு என்றும் காட்டும். என் கையைப் பிடித்துப் பார்த்த அக்கா உடனே விட்டுவிட்டார்.

"ஐயோ, ஐஸ்ல போட்ட மீன் மாதிரி இருக்கு. உனக்கு எந்தப் பையன் கை கொடுப்பான்?"

"உங்க கை மட்டும் என்னவாம்?"

"என் கை தங்கக் கைடி. கேட்டுப் பாரு."

அப்படித்தான் எல்லோரும் அழைத்தார்கள். தங்கக் கை. மொத்தமாக வாங்க வெளியூர்க்காரர்கள் வந்தால் மெங் லான் அக்காவைத்தான் கூட்டிப்போவார். அன்றைக்கு அவர் தலைமுடிக்கு எண்ணெய் தடவி, சட்டைக் கையை ஒரே அளவாக இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு போவார். நான்கு வருஷமாக மெங் தன் புரோகிராமைத் திருத்தியதெல்லாம் அந்தக் கையை வைத்துத்தான்.

ஒருநாள் மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய் ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, அவரே தன் கதையைச் சொன்னார். ஹுனான் மாநிலத்தின் மலையோரக் கிராமம். வீட்டில் நாலாவது பெண். "மூணாவது வரைக்கும் அப்பா பேரு யோசிச்சு வச்சாராம். எனக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் வச்ச பேரு." பதினேழு வயதில் தோங்குவான் பொம்மைத் தொழிற்சாலையில் பொம்மைகளுக்குக் கண் எழுதினார். ஆறு வருஷத்தில் தன் கண் மங்கியது. பிறகு ஷூ கம்பெனியில் பசை தடவினார், தலைவலி தாங்கவில்லை. இயர்போன் கம்பெனியில் பற்றவைத்தார். நடுவில் லியாவ் என்ற கிரேன் ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மகன், அவன் இப்போது வூஹானில் கார் விற்கிறான்.

"இருபத்தி ஒம்பது வருஷமா வேலை பாக்குறேன். எந்த லைன்லயும் நான் முதல் ஆள் கிடையாது, கடைசி ஆளும் கிடையாது. நடுவுல எங்கயாவது இருப்பேன். யாருக்கும் பேரு ஞாபகம் இருக்காது. இங்கதான் ஒரு விஷயத்துல நீதான் ஒசத்தின்னு சொன்னாங்க. அதுவும் நான் ஒண்ணுமே செய்யாம! சும்மா கையை நீட்டுனேன், அவ்வளவுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் அதில் இருந்தது. சோதனை அறையை விட்டால் அவருக்குக் கிடைப்பது ஐந்தாவது மாடியின் பொருத்தும் வரிசை. பதினோரு மணி நேரம் நின்றபடி வேலை. ஆனாலும் அவர் பயந்தது கால் வலிக்கு அல்ல என்று நினைக்கிறேன்.

சீனப் புத்தாண்டு வசந்த விழா விடுமுறை முடிந்து, மார்ச் முதல் வாரம் எல்லோரும் திரும்பினோம். லான் அக்கா ஒரு பை நிறையப் புகைபோட்ட பன்றி இறைச்சி கொண்டுவந்தார். முகம் கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்தது. ஆறு மாடி ஏறி வந்தவர் மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒருமுறை நின்றார்.

"என்னக்கா, மூச்சு வாங்குது?"

"பதினஞ்சு நாளு தின்ன கறி எல்லாம் வயித்துல உக்காந்து கம்பெனிக்கு வரமாட்டேங்குது."

அந்த வாரம்தான் எண்கள் குதிக்க ஆரம்பித்தன. உட்கார்ந்திருக்கும்போதே வாட்ச் 88 என்றது, அடுத்த நொடி 121, பிறகு 67. மெங் வாட்சை மாற்றினார். அதுவும் குதித்தது. சென்சார் கண்ணாடியைத் துடைத்தார், வாரை இறுக்கினார், வேறு தொகுதியிலிருந்து நாலு வாட்ச் கொண்டுவந்தார். எல்லாம் குதித்தன.

"இந்தத் தடவை வந்த சென்சார் எல்லாம் குப்பை," என்றார் மெங்.

நான் பட்டை எண்ணைப் பார்த்தேன். "சார், பட்டையும் குதிக்குது."

"பட்டை காஞ்சிருக்கும். நல்லா நனைச்சுக் கட்டச் சொல்லு."

நனைத்தோம். குதித்தது. பட்டையின் பேட்டரியை மாற்றினோம். புதுப் பட்டையே வாங்கினோம். அதுவும் குதித்தது. புதுப் பட்டையும் மட்டமான பட்டை என்று முடிவு செய்தோம். கருவிகளை நம்பக்கூடாது என்பது எங்களுக்கு அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. வேறு எந்த ஊரிலாவது, வாட்சை நம்புகிற ஒரு சாதாரண வீட்டில், அந்த எண்களைப் பார்த்தவர்கள் அன்றைக்கே பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். நாங்கள் வாட்ச் செய்கிறவர்கள். நாங்கள் பன்னைப் பார்த்தவர்கள்.

விதிப்படி மூன்றாவது கட்டத்தை நிரப்ப வேண்டிய நிலை முதல்முறையாக லான் அக்காவுக்கு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மெங் கீழே போயிருந்தபோது, என்னமோ தோன்றி நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"என்னடி செய்யுற?"

"விதியில இருக்குக்கா. ஒரு நிமிஷம் எண்ணிடுறேன்."

"பெரிய டாக்டர் வந்துட்டா. நாக்கை நீட்டட்டுமா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று நாலு ஐந்து; பிறகு ஒன்றுமே இல்லை; ஆறு; ஏழு எட்டு. சில துடிப்பு அழுத்தமாக வந்தது. சில வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அரை நிமிஷத்தில் கணக்கு தப்பிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் தப்பியது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஒரு நாடியை எண்ணக்கூடத் தெரியாமலா பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனேன் என்று இருந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது இல்லாததற்குக் காரணம் என் விரல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"எத்தனை?" என்றார் அக்கா. விளையாட்டாகக் கேட்பதுபோல்தான் கேட்டார். ஆனால் கண்ணை என் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

"எனக்கு எண்ண வரலக்கா."

அவர் கையை இழுத்துக்கொண்டார். "நேத்து என்ன போட்ட?"

"எழுபத்தெட்டு."

"இன்னைக்கும் எழுபத்தெட்டுன்னே போடு. நான் அப்படியேதானே இருக்கேன்."

போட்டேன். காரணம் எழுதும் இடத்தில் "வார் தளர்வு" என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருந்தது. அடுத்த நாளும் எழுதினேன். அடுத்த வாரம் முழுக்க எழுதினேன். வாட்ச், பட்டை, என் விரல், மூன்றும் ஒரே சங்கதியைத்தான் சொல்லின. மூன்றையும் பழுது என்றோம்.

ஏப்ரல் மாதம் பெரிய ஆர்டர் ஒன்றுக்காக வாங்குபவர்கள் நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய வாரம் மெங் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"லான் அக்கா, இந்தத் தடவை வேற யாரையாவது வச்சுப் பாக்கலாமான்னு மேல கேக்குறாங்க."

அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஏன் இன்ஜினியர் தம்பி? தங்கம் கறுத்துப் போச்சா?"

"அப்படி இல்லக்கா. நம்பர் நிக்க மாட்டேங்குது. உங்க கை கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கோ என்னமோ."

"ஊர்ல குளிரு. இன்னும் உடம்பை விட்டுப் போகல. ரெண்டு நாளு குடு. சரியாயிரும்."

அன்றிலிருந்து அவர் வெந்நீர் பாட்டிலை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். தெருமுனை மூலிகைத் தேநீர்க் கடையில் கறுப்பாக, கசப்பாக ஒன்றை வாங்கிக் குடித்தார். கை சூடாக இருந்தது. எண்கள் குதித்தன. ஒருநாள் கழிவறையில் அவர் சுவரில் சாய்ந்து, மார்பில் கையை வைத்தபடி நிற்பதைப் பார்த்துவிட்டேன்.

"அக்கா, டாக்டரைப் பாக்கலாமே."

"எதுக்கு? இந்த வயசுல எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான். உள்ளுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கும், அப்புறம் அடங்கிரும். நீ எங்கயும் போய் உளறாத. இதயம் சரியில்லாதவளை இதயம் அளக்குற ரூம்ல வச்சிருப்பாங்களா?"

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் என் கன்னத்தில் தட்டினார். நான் பெரிய ரகசியம் காப்பதாகப் பெருமைப்பட்டேன்.

மெங்கும் அவருக்கு உதவத்தான் நினைத்தார். அதை இப்போது நன்றாகப் புரிந்துகொள்கிறேன். நான்கு வருஷம் தன்னோடு வேலை பார்த்தவரை அனுப்ப அவருக்கு மனமில்லை. இரண்டு நாள் வீட்டுக்கே போகாமல் கணினி முன்னால் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினார். முந்தைய துடிப்பிலிருந்து ரொம்ப விலகி வருகிற எதையும் வாட்ச் தூக்கி எறிந்துவிடும். மிச்சமிருப்பதைச் சராசரி போட்டுக் காட்டும். பட்டைக்கும் அதே திருத்தம்.

மறுநாள் காலையில் வாட்சைக் கட்டினோம். 76. ஐந்து நிமிஷம் கழித்து 76. படி ஏறியதும் 94, இறங்கி வந்து உட்கார்ந்ததும் 77. பட்டையும் அதே. எல்லோரும் கைதட்டினோம். லான் அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, குத்துச்சண்டையில் ஜெயித்தவர்போல் ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றி முடித்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"பாருடி சின்ன நிங். எழுபத்தாறு. நாந்தான் சொன்னேனே, எனக்கு ஒண்ணுமில்லைன்னு."

வாட்சை நம்பாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த எண் தனக்காகவே திருத்தப்பட்டது என்று அவருக்குத் தெரியும். மெங் எங்கள் முன்னால்தான் அதை விளக்கினார். இருந்தாலும் அன்றைக்கு அவர் அதை நம்பினார். ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்த ஒருத்திக்கு அந்த 76 எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்தால் என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

வாங்குபவர்கள் வந்தார்கள். லான் அக்கா சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து நீட்டினார். ஆர்டர் கிடைத்தது.

ஜூன் பதினான்காம் தேதி, மதியம் பன்னிரண்டேகால். கேன்டீனில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத் தக்காளி முட்டைப் பொரியல். நான் முட்டையை மட்டும் பொறுக்கித் தின்பதைப் பார்த்து அவர் திட்டிக்கொண்டிருந்தார். "தக்காளியை யாரு திம்பா? உன் மாமியாரா?" இடது கையில் சோற்றுக் கிண்ணம். அந்தக் கிண்ணம் மெல்லச் சரிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சோறு மேசையில் கொட்டியது, பிறகு கிண்ணம் தரையில் உருண்டது. அப்போதும் அவர் இடது கையை, கிண்ணம் இருப்பதுபோலவே அரைவாசி தூக்கி வைத்திருந்தார். பிறகு அதுவும் விழுந்தது.

"அக்கா?"

"தக்காளியை..." என்றார். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

நான் கத்தினேன். தோங் ஓடிவந்து அவரைத் தன் டிராகன் கையில் தூக்கிக்கொண்டார். சாப்பிடும்போதும் சோதனை நடக்க வேண்டும் என்பதால் வாட்சை அவிழ்க்காமல்தான் கேன்டீனுக்கு வந்திருந்தோம். ஆம்புலன்ஸில் அவருடைய இடது கை என் மடியில் கிடந்தது. திரையில் குட்டி இதயம் அமைதியாக மினுக்கியது. 75.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். இதயத்தின் மேல் அறை ஒழுங்கில்லாமல் துடித்திருக்கிறது. உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்.

"இது இன்னைக்கு வந்தது மாதிரி தெரியல. பல மாசமா இருந்திருக்கணும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுத்திருப்போம். அவங்க எங்க வேலை பாக்குறாங்க?"

மெங் கம்பெனி பெயரைச் சொன்னார். டாக்டர் ஒரு கணம் எங்கள் சட்டையிலிருந்த பெயரைப் பார்த்தார். நக்கலாக எதுவும் சொல்லவில்லை. "யாராவது ஒரு நிமிஷம் நாடியைப் பிடிச்சுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மெங் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் பிடித்துப் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஹுய்ஜோவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த லான் அக்காவின் கணவர் லியாவ் சாயங்காலம் வந்து சேர்ந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட் இருந்ததையே மறந்து அப்படியே வந்திருந்தார்.

அக்டோபர் விடுமுறையில் ஹுனானுக்கு ரயில் ஏறினேன். ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸில் இரண்டு மணி நேரம். லியாவ் கிரேன் வேலையை விட்டுவிட்டு அவரோடு ஊருக்கே போய்விட்டார். வாசல் முற்றத்தில் மூங்கில் நாற்காலியில் லான் அக்கா உட்கார்ந்திருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேச்சு வந்திருந்தது, கொஞ்சம் குழறல். இடது கையை ஒரு தலையணைமேல் வைத்திருந்தார்கள். விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன.

"யாரு வந்துருக்கா பாரு," என்றார் லியாவ், குரலை உயர்த்தி.

"எனக்கு... காது நல்லாத்தான் கேக்குது. கத்தாத." பிறகு என்னைப் பார்த்து, "இளைச்சுட்ட. முட்டை மட்டும் தின்னா... அப்படித்தான்."

லியாவ் சிரித்துக்கொண்டே தேநீர் போட உள்ளே போனார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பன் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, இப்போது அது 72 காட்டுகிறது என்றேன். அவருடைய இடத்துக்கு யார் வந்தார்கள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரயில் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "அக்கா, அன்னைக்கு நான் எண்ணினப்ப..."

"தெரியும்."

"எனக்கு எண்ணத் தெரியலன்னுதான் நினைச்சேன். சத்தியமாக்கா."

"நான் அப்படி நினைக்கல." அவர் முற்றத்துக் கோழிகளைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார். "நீ முழிச்ச முழியிலயே... எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் கையை இழுத்துக்கிட்டேன். நீ ஒரு நம்பரைச் சொல்லிட்டா... என்னைக் கீழ அனுப்பிருவாங்களேன்னு."

நான் அழுதேன். அவர் நல்ல கையால் என் முட்டியைத் தட்டினார்.

"மூக்கைத் தொடச்சுக்க. இப்ப எண்ணு."

"இப்பவா?"

"அன்னைக்குப் பாதியில விட்டியே. இப்ப யாரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க. எண்ணு."

நான் நாற்காலிப் பக்கத்தில் மண்டியிட்டு அந்த இடது மணிக்கட்டைப் பிடித்தேன். வாட்ச் வார் நான்கு வருஷம் அழுத்திய தடம் தோலில் இன்னும் வெளுப்பாக இருந்தது. கை ஜில்லென்று இருந்தது. என் கையைவிட ஜில்லென்று. மற்றொரு கையில் போனை எடுத்து நொடிகளை ஓடவிட்டேன். துடிப்பு இன்னும் ஒழுங்காக வரவில்லை. மாத்திரை அதைச் சரிசெய்யாது, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்று லியாவ் சொல்லியிருந்தார். இந்தமுறை ஒரே இடைவெளியில் வரும் என்று நான் காத்திருக்கவில்லை. எப்போது வந்ததோ அப்போது எண்ணினேன். இடையில் ஒன்றும் வராத இடங்களில் விரலை எடுக்காமல் இருந்தேன்.

முப்பது நொடி ஆனபோது அவர் கேட்டார். "புடிச்சுட்டியா?"

"புடிச்சிருக்கேன்க்கா."

"அப்படியா." குனிந்து தன் மணிக்கட்டின்மேல் இருந்த என் விரல்களைப் பார்த்தார். "நீ தொடுறதே எனக்குத் தெரியல."

நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். லியாவ் தேநீரோடு வந்து, எங்களைப் பார்த்து, வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அறுபது நொடி முடிந்தது.

"எத்தனை?" என்றார் லான் அக்கா.

"எண்பத்தொம்பது."

"சரியா எண்ணுனியா?"

"சரியா எண்ணினேன்க்கா."

அவர் தலையை அசைத்தார். நான் கையை விடவில்லை. அது அவருக்குத் தெரியாது என்று தெரிந்தும், தேநீர் ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.